நூற்றுக்கு எண்பது சாப்பாட்டுக்கு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டு ராதாமணி அக்காளுடையது. அவளுக்குக் கண்புரை அறுவை முடிந்து பச்சைத் துணி கட்டியிருந்த வாரத்தில், பொழுது போக வேண்டுமே என்று பத்திரிகை வாசித்துக் காட்டப் போவேன். ஒரு நாள் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எந்தெந்த நாட்டில் ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது, வருமானத்தில் எவ்வளவு சாப்பாட்டுக்குப் போகிறது என்று நாடு நாடாக ஒப்பிட்டிருந்தார்கள். நார்வே, மெக்சிகோ என்று நான் வாசித்துக்கொண்டே போக, அக்காள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

"ஏட்டி, இந்தக் கணக்குல எங்க அம்மா உக்காந்திருக்கா. எனக்குப் பேசுன மாப்பிள்ளை தட்டிப் போகப் பாத்ததே இந்தக் கணக்காலதான்."

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: கரிசல் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வானத்தில் ஒரு

நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதை என்றால் மண் வெடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்திருந்தது. கம்பு ஆளை மறைக்கிற உயரம் நின்றதாக அக்காள் சொல்கிறாள்.

இரண்டாவது தொடக்கம்: உணவுக்கான செலவு என்பது ஒரு சமூகத்தின்

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே இரண்டாம் வரிக்கு மேல் வாசிப்பதில்லை.

மூன்றாவது தொடக்கம் ஒரு கோழியோடு வந்தது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கோழி, மண் கோழி. ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், கோவில்பட்டியில் நடந்த விவசாயக் கண்காட்சிக்காகக் குயவர் சுடலைமாடன் செய்தது.

கண்காட்சிக் குழுவின் செயலாளர் சண்முகராஜ். மதுரைக்காரர், இளவயசு, கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். காளைகள், உர மூட்டைகள், புது மாதிரிக் கலப்பை எல்லாம் எல்லாக் கண்காட்சியிலும் இருக்கும். இங்கே புதிதாக ஒன்று வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு கொட்டகை முழுக்க மேசைகள். ஒவ்வொரு மேசையும் ஒரு நாடு. அந்த நாட்டில் ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது மேசைமேல் இருக்கும். பின்னால் ஓர் அட்டையில் கணக்கு இருக்கும்.

அமெரிக்கச் சாப்பாட்டுக்கும் ஜப்பான் சாப்பாட்டுக்கும் எங்கே போவது? சுடலைமாடனிடம் படத்தைக் காட்டி மண்ணில் செய்து வர்ணம் பூசச் சொன்னார். ரொட்டியும் முட்டையும் அச்சு அசலாக வந்துவிட்டன. வறுத்த முழுக்கோழி மட்டும் தட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது, சிவப்புக் கொண்டையோடு.

"வறுத்த கோழிக்குக் கொண்டை இருக்காதேய்யா," என்றார் சண்முகராஜ்.

"கொண்டை இல்லன்னா அது கோழின்னு யாரு நம்புவா?" என்றார் சுடலைமாடன்.

கொண்டை அப்படியே இருந்தது.

அட்டைகள்தான் இந்தக் கதையின் வில்லன். (வில்லன் என்பது பெரிய வார்த்தை. வேறு வார்த்தை கிடைத்தால் மாற்றுவேன்.) அமெரிக்க மேசையின் அட்டையில், 'இக்குடும்பம் தன் வருமானத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து ரூபாயை உணவுக்குச் செலவிடுகிறது' என்று எழுதியிருந்தது. இங்கிலாந்துக்கு முப்பத்துமூன்று. ஜப்பானுக்கு நாற்பத்தைந்து. இலங்கைக்கு அறுபது. கடைசி மேசை நம்முடையது: கோவில்பட்டி வட்டாரம், எண்பது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த எண்கள் அக்காளின் ஞாபகத்தில் மிஞ்சியவை. சரியா தவறா என்று நான் பார்க்கவில்லை. பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.]

விஷயம் இதுதான். கையில் காசு குறையக் குறைய, அதில் பெரும்பங்கை வயிறு எடுத்துக்கொள்ளும். நிறைய இருப்பவன் கோழி தின்றாலும் அவன் பணத்தில் அது ஒரு மூலைதான். எண்பது என்பது இல்லாமையின் எண். சண்முகராஜுக்கு அது தெரியும். அதை ஊர் பார்க்கட்டும், மேலிடத்து ஆட்களும் பார்க்கட்டும் என்றுதான் அந்தக் கொட்டகையே போட்டார்.

அட்டையில் அவர் அந்த விளக்கத்தை எழுதியிருக்கலாம். இடம் போதவில்லை.

3

இலங்கை மேசைக்கு ஆள் எளிதாகக் கிடைத்தது. கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த பிச்சை முகம்மது, கொழும்பில் பல வருஷம் வியாபாரம் செய்துவிட்டு வந்தவர். "கொழும்புச் சாப்பாடா? மண்ணுல எதுக்கு? எங்க வீட்டுல நிசமாவே ஆக்கி வைக்கோம்," என்றுவிட்டார். அவர் மனைவி ஆயிஷா பீவியும் அங்கே இருந்துவிட்டு வந்தவர்.

நம் மேசைக்குத்தான் சிக்கல். சண்முகராஜ் ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றிக் கடைசியில் சங்கிலிப்பாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொஞ்சம் மானாவாரி நிலம், மனைவி வெயிலுகந்தம்மாள், மூத்தவள் ராதாமணி, பின்னால் இரண்டு சின்னதுகள். அவர் தேடிய 'ஐந்து பேர் உள்ள நடுத்தரக் கரிசல் குடும்பம்' இதுதான்.

சங்கிலிப்பாண்டி உடனே சம்மதித்தார். கண்காட்சிக் காளைகளை நாள் முழுக்க நின்று பார்க்கலாமே. வெயிலுகந்தம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மேசையில என்ன வைக்கணும்?"

"நீங்க தினமும் சாப்பிடுறது எதுவோ அதுதாம்மா. கம்பங்கூழ், வெங்காயம், மோர் மிளகாய்."

"கூழையா? ஊருபட்ட சனம் பாக்க? நெல்லுச்சோறு பொங்கி, சாம்பாரு வச்சு, ரெண்டு அப்பளம் பொரிச்சுக் கொண்டாரேன்."

"அது உண்மை இல்லையேம்மா."

"உண்மைய வீட்டுக்குள்ள வச்சுக்கிடுவோம்யா. ஊரு பாக்க வைக்குறதுக்கு அதுவா கெடச்சது? அமெரிக்காக்காரன் கோழி மட்டும் உண்மையாக்கும்? அது சுடலைமாடன் பண்ணுன மண்ணு."

சண்முகராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

அவள் இவ்வளவு வம்பு செய்ததற்குக் காரணம் இருந்தது. எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து ராதாமணிக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பரிசம் இன்னும் போடவில்லை. மாப்பிள்ளை சாமித்துரை கோவில்பட்டியில் மில் வேலையில் இருந்தார். அவருடைய அப்பா பூவனலிங்கம் சிக்கனத்துக்குப் பேர்போனவர். வெற்றிலைக் காம்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டார், மடித்து வாயில் போட்டுக்கொள்வார். சந்தைக்கும் கண்காட்சிக்கும் தவறாமல் வருகிறவர். அவர் வந்து பார்க்கும்போது சம்பந்தி வீடு கூழ்ப்பானையோடு காட்சிக்கு உட்கார்ந்திருந்தால்?

கடைசியில் சங்கிலிப்பாண்டி ஆம்பிளை அதிகாரத்தில் "கூழுதான்" என்று முடித்துவிட்டார். காளைகள் அவரை இழுத்துக்கொண்டிருந்தன.

4

இங்கே ஒரு சந்தேகம். சண்முகராஜை நான் கொஞ்சம் கிறுக்கராக எழுதிவிட்டேனோ? ஏழை வீட்டைக் காட்சிப் பொருளாக்கிய படித்தவர் என்று அவரை நிறுத்தினால் கதை சுலபமாக ஓடும். அக்காளிடம் அப்படி வாசித்துக் காட்டினேன்.

"சும்மா இரு. அவிய நல்ல மனுசன். சைக்கிள்ள எங்க ஊருக்கு நாலு தடவ வந்தாவ. தொண்டை கட்டுற வரைக்கும் எல்லாருக்கும் விளக்கம் சொன்னாவ. அவிய பேசுன செந்தமிழ் யாருக்கும் வெளங்கல, அது வேற விஷயம்."

ஆயிஷா பீவியைப் பற்றியும் ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் கூட்டத்துக்கு முன்னால் மேசையில் வந்து உட்கார்ந்திருப்பாரா? அக்காள் திருத்தினாள். இலங்கை மேசைக்கும் நம் மேசைக்கும் நடுவில் பின்னால் தள்ளி ஒரு திரை கட்டியிருந்தது. திரைக்குப் பின்னால் அடுப்பு வைத்து ஆயிஷா பீவி ஆக்கினார். முன்னால் பிச்சை முகம்மது நின்று பேசினார்.

பேச்சென்றால் பேச்சு. வெள்ளைச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, மீன் ஆணம் எனும் குழம்பு, மாசிக் கருவாட்டுச் சம்பல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். "கொழும்புல நித்தம் இதுதான். இதுக்குக் கொறஞ்சு நாங்க தின்னதே கெடையாது."

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று வெயிலுகந்தம்மாள் காதில் மட்டும் விழும்படி வரும்: "நான் கொழும்புக்குப் போற வரைக்கும் இவிய அங்க ரொட்டியும் தேத்தண்ணியும்தான் அக்கா. மிச்சம் பிடிச்சு ஊருக்கு அனுப்புன மனுசன். இப்ப பேசட்டும், பேசிட்டுப் போறாவ."

வெயிலுகந்தம்மாள் முதல் நாள் முழுக்கச் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ராதாமணி பின்னால் நின்று தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் கழுவுவதுமாக இருந்தாள்.

கூட்டம் வந்தது. கணக்கைப் பார்த்தது. சண்முகராஜ் எதிர்பார்த்த மாதிரி யாரும் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை.

"ஏலே, இங்க பாரு. அமெரிக்காக்காரன் நூறு ரூவா சம்பாரிச்சா இருவத்தஞ்சுக்குத்தான் திங்கானாம்!"

"பாவம்லே, வயித்தக் கட்டிக் காசு சேக்கான்."

"நம்ம ஆளுக எம்பதுக்குத் திங்காம்! சாப்பாட்டு விஷயத்துல நம்மள அடிக்க முடியுமா?"

எண்பதுக்கு நேராக நின்று சிலர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்களாம். சண்முகராஜ் ஓடி ஓடி விளக்கினார். 'விகிதாச்சாரம்' என்ற சொல் வந்ததும் கூட்டம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஜப்பானுக்குப் போய்விடும்.

இதில் ஒரு நன்மை நடந்தது. மேசை முன்னால் நிற்கிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், யாரும் கூழைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று கண்டதும் வெயிலுகந்தம்மாளின் முக்காடு இறங்கியது. மறுநாள் சுவரைவிட்டுத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

5

கடைசி நாள். மத்தியானம் கூட்டம் வடிந்துவிட்டது. பிச்சை முகம்மது லுஹர் என்னும் மத்தியானத் தொழுகைக்குப் போயிருந்தார். சங்கிலிப்பாண்டி வழக்கம்போலக் காளைகளிடம். ராதாமணி குடத்தோடு குழாயடிக்கு.

திரைக்குப் பின்னாலிருந்து ஆயிஷா பீவி கூப்பிட்டார். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிட மாட்டீயளே?"

"கேளுங்க."

"அந்தக் கூழுல ஒரு வாய் தாங்க. மூணு நாளா மணம் வந்து ஆளக் கொல்லுது. நான் பொறந்தது புதூர்ப் பக்கம். கம்பும் மோருமாத்தான் வளந்தேன். கொழும்புல எத்தன கறி வச்சாலும் நாக்கு இதத்தான் தேடும். இங்க வந்த பொறவு வீட்டுல கேட்டா, 'கூழா? நம்ம கௌரவம் என்னாகும்?'ங்காவ."

வெயிலுகந்தம்மாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. தான் முகத்தை மூடி மறைத்த கூழை ஒருத்தி கேட்டு வாங்குகிறாள். கலயத்தை அப்படியே, வெங்காயத்தோடு திரைக்குள் நீட்டினாள். பதிலுக்கு ஒரு தட்டு வெளியே வந்தது. வெள்ளைச் சோறு, மீன் ஆணம், ஓரத்தில் சம்பல்.

"நீங்களும் சாப்பிடுங்க. ஆறிரும்."

வெயிலுகந்தம்மாள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. சோற்றைப் பிசைந்தாள். நல்ல பசி. முள்ளை எடுத்துவிட்டு ஒரு பெரிய துண்டு மீனை வாயில் போட்டபோது, எதிரே பூவனலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி," என்று பதறி எழுந்தாள்.

"உக்காருங்க தாயி. சாப்பிடும்போது எந்திரிக்கப்படாது." அவர் கண் தட்டில் இருந்தது. பிறகு மெதுவாக அட்டைக்கு ஏறியது. எழுத்துக்கூட்டி வாசித்தார். "நூத்துக்கு... எம்பது."

மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"நித்தம் இப்படித்தானா?"

எப்படிச் சொல்வாள்? வாயில் மீன்.

"எம்மவன் மில்லுல சம்பளத்துக்கு வேல பாக்கான் தாயி. கப்பல் ஓட்டல. ஒங்க மக இப்படித் தின்னு வளந்த பிள்ளைன்னா எங்க வீடு தாங்காது. பரிசத்துக்கு முன்ன தெரிஞ்சது நல்லதாப் போச்சு." துண்டை உதறித் தோளில் போட்டார்.

இந்த இடத்தில் வெயிலுகந்தம்மாளின் மனசுக்குள் நுழைந்து இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவள் செய்தது அதைவிடச் சுருக்கமானது. வாயில் இருந்ததை விழுங்கினாள். பேசினாள்.

"அண்ணாச்சி, இது எங்க சோறு இல்ல. எங்களுது கம்பங்கூழு. காலையிலயும் கூழு, மத்தியானமும் கூழு. நெல்லுச்சோறு நாளும் கிழமையும்னாத்தான்."

மூன்று நாளுக்கு முன்னால் யார் காதிலும் விழக்கூடாது என்றிருந்ததை, அமெரிக்கா வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். அங்கங்கே நின்றவர்கள் திரும்பி வந்து கூடிவிட்டார்கள்.

திரை விலகியது. வளையல் போட்ட கை ஒன்று மட்டும் வெளியே வந்து, அடியில் மட்டும் கூழ் ஒட்டியிருந்த கலயத்தை நம் மேசையில் வைத்தது.

"கூழுக் கலயம் இங்கன இருக்கு. தின்னது நான். குத்தம்னா என்னையச் சொல்லுங்க அண்ணாச்சி."

பூவனலிங்கம் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தார். கூழ்தான். அத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் அவர் கணக்குப் பார்க்கிற மனிதர்.

"கூழுக்கா எம்பது? கூழுக்கே எம்பது போகுதுன்னா, வரும்படின்னு ஒண்ணு இல்லவே இல்லையா? தின்னே அழிக்குற வீடா, திங்கவே இல்லாத வீடா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கய்யா!"

சண்முகராஜ் ஓடிவந்தார். தன் அட்டை சொல்வது ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மைதான் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தப் போகிறது. அட்டையைக் கழற்றிவிடலாமா என்று அவர் கை ஒரு தரம் மேலே போனதாம். இறங்கிவிட்டதாம்.

இடுப்பில் குடத்தோடு ராதாமணி உள்ளே வந்தாள்.

6

"என்னம்மா?" என்றாள். அம்மா அட்டையைக் காட்டினாள். கூட்டத்தில் யாரோ சொன்னார்: "நூத்துக்கு எம்பது சாப்பாட்டுக்கே போகுதாம். மாப்பிள்ளை வீட்டுக்காரவிய யோசிக்காவ."

ராதாமணி குடத்தை இறக்காமலே வருங்கால மாமனாரைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, ஒங்க வீட்டுல நூத்துக்கு எத்தன?"

கூட்டம் இன்னும் நெருங்கியது. பூ வைத்த பெண் மாமனாரிடம் இப்படிப் பேசுவதா? பூவனலிங்கத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கேட்டது கணக்கு. அவரால் கணக்கை விட முடியாது. விரலை மடக்கினார்.

"கம்பும் சோளமும் நெலத்துல வருது. அதுக்குக் காசு கெடையாது."

"அதையும் விலை போட்டுச் சேர்க்கணும் ஐயா," என்றார் சண்முகராஜ்.

"சேக்கணுமா?" பூவனலிங்கம் மறுபடி ஆரம்பித்தார். "கம்பு. சோளம். எண்ணெய். மிளகா. கருப்பட்டி. கருவாடு..." உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பருத்தி விற்ற வரவு ஒரு கையில், சாப்பாட்டுச் செலவு ஒரு கையில். கடைசி விரலை மடக்கியதும் அதைப் பிரிக்காமலே நின்றார்.

"தொண்ணூறு வரும்போல இருக்கே," என்றார் தனக்குத்தானே.

பிறகு தலை நிமிரவில்லை.

இங்கே நிறுத்தி இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பூவனலிங்கம் அவமானத்தில் துண்டை எடுத்துக்கொண்டு எப்போதும்வென்றான் பஸ்ஸுக்கு நடந்தார். கல்யாணம்

(ஆ) சண்முகராஜ் மேசைமேல் ஏறி நின்று, எண்பதும் தொண்ணூறும் நம் பெருமை அல்ல, நம் பசி என்று முழங்க, கூட்டம் கண்ணீர்

இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது வேறு. ராதாமணி குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்ப எங்க வீட்ட விட ஒங்க வீட்டுல பத்து ரூவா கூடத் திங்குதீய மாமா. அங்கன வர எனக்குச் சம்மதம்."

முதலில் சிரித்தது திரைக்குப் பின்னால். பிறகு கொட்டகையே சிரித்தது. பூவனலிங்கம் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துண்டைத் தரையில் விரித்து உட்கார்ந்தார்.

"கூழு மிச்சம் இருக்கா தாயி?"

"வழிச்சுத் தின்னாச்சு அண்ணாச்சி," என்றது திரை. "சோறுதான் இருக்கு. மீனு ரெண்டு துண்டு போடவா?"

"போடுங்க," என்றார். தொழுதுவிட்டு வந்த பிச்சை முகம்மது, தன் கொழும்பை ஒருவர் தரையில் உட்கார்ந்து உருட்டிச் சாப்பிடுவதைப் பார்த்ததும், "எப்படி? கொழும்புல நித்தம் இதுதான்," என்று ஆரம்பித்தார்.

வைகாசியில் கல்யாணம். மாமனார் வீட்டிலும் கம்புதான். அதைச் சொல்லும்போது அக்காள் மறுபடியும் சிரித்தாள்.

7

கட்டு அவிழ்த்த பிறகு முழுக் கதையையும் அவளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தாள். எல்லாம் சரி என்றாள். ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. கேட்டேன்.

"அக்கா, எம்பதுன்னா என்ன, தொண்ணூறுன்னா என்னன்னு அன்னைக்கு ஒனக்குத் தெரியுமா?"

வாசகரே, யோசித்துப் பாருங்கள். தெரியாது என்றால், அதிகம் சாப்பிடுகிற வீட்டுக்குப் போகிறோம் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்ட ஒரு பெண்ணின் கதை இது. தெரியும் என்றால், கூட்டத்துக்கு நடுவில் தலை குனிந்து நின்ற ஒரு மனிதரைக் காப்பாற்ற, தெரியாதவள்போல நின்றவளின் கதை. இரண்டும் ஒரே கதை இல்லை. அவள் மூன்று நாளும் சண்முகராஜின் விளக்கத்தைப் பின்னால் நின்று கேட்டவள். அவர் தமிழோ யாருக்கும் விளங்காத தமிழ்.

அக்காள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எங்க மாமனாரும் இதக் கேக்கத்தான் நெனச்சிருப்பாவ. சாகுற வரைக்கும் கேக்கல. ஆனா அந்த வீட்டுல மொத அகப்பை எனக்குத்தான் விழணும், அது அவிய உத்தரவு. பொம்பளையாளுக கடைசியாத் திங்குற காலம்ட்டி அது."

"சரி, தெரியுமா தெரியாதா?"

"நீதானே எழுதுதே?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியம் மட்டும் கடைசிவரை முடிவடையவில்லை. இடம் விட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடத்தை இறக்கி வைத்தபோது ராதாமணிக்கு அந்தக் கணக்கு